மறுநாள் எதைப் பிடித்து நடப்பாள்?

பதினொன்றரை மணிக்கு மாடியில் அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் தபீதாள் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துவிடுவார். டக் என்று ஒரு தட்டு, பிறகு ஒரு இழுப்பு. மறுபடி ஒரு தட்டு, ஒரு இழுப்பு. யாரோ ஸ்டூலை நகர்த்துகிறார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சத்தம் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும், கொஞ்சம் நிற்கும், திரும்பி வரும். அது அடங்கும்வரை தபீதாள் மேலே பார்ப்பதில்லை, ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடர்வார்.

இது நடப்பது முடிச்சூரில், ஒரு சிறுவர் புத்தகப் பதிப்பகத்தில். பதிப்பகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வீட்டின் கீழ்த்தளம், அவ்வளவுதான். கூடத்துச் சுவரில் மார்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. இரண்டாயிரத்துப் பதினைந்தில் வெள்ளம் வந்து நின்ற அடையாளம். இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் போகவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு இங்கே வாடகைக்கு வந்த பதிப்பாளர் ஹரிபிரசாத் அந்தக் கோட்டுக்கு மேலேதான் புத்தகங்களை அடுக்குகிறார். கோட்டுக்குக் கீழே மேசை, நாற்காலி, மனிதர்கள். "நாம நனைஞ்சா காஞ்சிடுவோம் சார், புக் காயாது" என்பார்.

தபீதாள் அங்கே மெய்ப்புத் திருத்துபவர். வயது நாற்பத்தொன்பது. மேற்குத் தாம்பரத்தில் அக்கா குடும்பத்தோடு இருக்கிறார். அவர் மேசையில் மூன்றே சாமான்கள்: சிவப்புப் பேனா, பென்சில், சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்துபோன ஒரு ரப்பர். எழுத்துப்பிழைக்கும் ஒற்றுப்பிழைக்கும் சிவப்பு. பென்சில் வேறு காரியத்துக்கு. "சிவப்பு போட்டா மாத்தியே ஆகணும். பென்சில் போட்டா யோசிச்சா போதும். யோசிச்சிட்டு அழிச்சிட்டீங்கன்னா எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல." வருத்தம் இல்லை என்பது பச்சைப் பொய். அழித்தவர்கள் எல்லோருடைய பெயரும் அவருக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பென்சில் என்ன எழுதும் என்பதை என் சொந்தச் செலவில் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் பார்வையில்லாத பையன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதி எடுத்துப்போனேன். எழுதும்போது நானே இரண்டு இடத்தில் அழுதிருந்தேன், அத்தனை உருக்கம். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சின்னச் சின்ன எழுத்து. 'இவனுக்குப் பெயர் வைக்க ஒன்பது பக்கம் ஆகுமா?' என்று ஓர் இடத்தில். 'வருகிற எல்லோரையும் மோந்து பார்த்தே கண்டுபிடிக்கிறான். ஆளா, நாயா?' என்று இன்னோர் இடத்தில். கடைசிப் பக்கத்தில் அவனுக்குப் பார்வை வந்துவிடும். அதற்கு நேராக ஒரே ஒரு வரி: 'வராவிட்டால் உங்களுக்கு இவனைப் பிடிக்காதோ?' எனக்கு வந்த கோபத்தில் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் மாதம் கதையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சகிக்கவில்லை.

வேறு எழுத்தாளர்களுக்கும் இதே கதிதான். சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி நண்பர்களோடு மலைக்கோட்டைக்குச் சுற்றுலா போவாள். 'தூக்கியது யார்? அவளைக் கேட்டுவிட்டுத் தூக்கினார்களா?' என்று பென்சில் கேட்கும். பிள்ளை பிடிக்கிறவன் நொண்டிக்கொண்டு வருவான். 'கெட்டவனாக இருக்க இவன் புத்தி போதாதா? கால் எதற்கு?' என்று கேட்கும். எல்லாவற்றையும்விட அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. 'இந்தப் பிள்ளை காலையிலிருந்து பள்ளியில் இருக்கிறது. ஒன்றுக்கு எங்கே போகும்?' எழுதுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், இதெல்லாமா கதையில் வரும் என்று. தபீதாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரண்டு மடக்குக்கு மேல் தண்ணீர் குடிக்காதவர். அந்த வீட்டில் கழிவறை கொல்லைப்பக்கம், மூன்று படி இறங்கிப் போக வேண்டும்.

அவருக்கு வலது கால் போலியோ. இது எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த ஆறு வருடத்தில் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. நான் மட்டும் இல்லை, அங்கே வேலை செய்கிற யாருமே பார்த்ததில்லை. யாரும் வருமுன் எட்டு மணிக்கே ஆட்டோவில் வந்து உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் கிளம்பிய பிறகுதான் எழுந்திருப்பார். ஏதாவது வேண்டுமென்றால் "அந்த ஃபைல இப்படித் தள்ளேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். தினமும் அவரைக் கொண்டுவந்து விடுகிற குணாவை ஒருநாள் தெருவில் நிறுத்திக் கேட்டேன். "அக்கா எறங்கி உள்ள போற வரிக்கும் நான் அந்தாண்ட திரும்பி ரோட்டப் பாத்துக்கினு இருப்பேன் சார். அதுக்குப் புடிக்காது" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே தடயம் அவருடைய சுடிதார்தான். எந்த நிறமானாலும் வலது தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, உள்ளங்கை அளவுக்கு வெளுத்திருக்கும்.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி மெய்ப்பின் கடைசிப் பக்கத்தில் தபீதாள் 'அச்சிடலாம்' என்று எழுதி, கீழே 'த' என்று போட வேண்டும். அது இல்லாமல் எதுவும் அச்சகத்துக்குப் போகாது. ஒரே ஒருமுறை அவசரம் என்று அனுப்பி, அட்டையிலேயே புத்தகத்தின் பெயரைத் தப்பாகப் போட்டு, ஹரிபிரசாத் ஆயிரம் பிரதிகளுக்குத் தன் கையால் ஸ்டிக்கர் ஒட்டினார். அதிலிருந்து அவருக்கு இது வழக்கம் என்பதைவிடப் பயம் என்றே சொல்லலாம்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஆவணியில் சுப்பராயலுவின் கதை வந்தது. சுப்பராயலுவுக்கு எழுபது வயது. அவருடைய அப்பா நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது மனைகளாகி, அடுக்குமாடிகளாகி நிற்கின்றன. கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. பதிப்பகம் இருக்கும் வீடும் அவருடையதுதான். மேலே அவர் குடும்பம், கீழே ஹரிபிரசாத். அறுபது வயதுக்கு மேல் சிறுவர் கதை எழுத ஆரம்பித்தார். ஆடு மாடு பற்றி எழுதினால் மனிதர் வெளுத்து வாங்குவார், அதில் பொய்யே இருக்காது. புத்தகத்தைத் தானே வாங்கிச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் கொடுப்பார்.

இந்தத் தடவை மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டார். செல்லி என்று ஒரு பெண். கால் விளங்காது, கக்கத்தில் கட்டை வைத்து நடப்பாள். பள்ளி விளையாட்டு விழாவன்று குளத்தங்கரையில் ஒரு சின்னப் பிள்ளையை வெறிநாய் துரத்துகிறது. செல்லி கட்டையைக் குளத்தில் வீசி எறிகிறாள், மின்னலாக ஓடுகிறாள், பிள்ளையைக் காப்பாற்றுகிறாள். ஊரே கை தட்டுகிறது. துர்கா என்ற ஓவியம் வரையும் பெண் படங்களையும் போட்டு முடித்திருந்தாள். நாலாம் பக்கத்தில் கட்டை இடது கக்கத்தில் இருந்தது, ஆறாம் பக்கத்தில் வலது கக்கத்துக்குப் போனது, எட்டில் மறுபடி இடப்பக்கம் வந்தது. அதையும் தபீதாள்தான் கண்டுபிடித்தார்.

கடைசிப் பக்கத்தில் 'அச்சிடலாம்' வரவில்லை. பென்சிலில் ஒரு கேள்விதான் வந்தது. 'கட்டையைக் குளத்தில் போட்டுவிட்டாள். மறுநாள் பள்ளிக்கு எதைப் பிடித்து நடப்பாள்?'

ஹரிபிரசாத்துக்கு முகம் தொங்கிவிட்டது. "அக்கா, ஹவுஸ் ஓனர்க்கா. இந்த ஒரு தடவ ப்ளீஸ். அவரு கோச்சுக்கிட்டா மூட்ட கட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"உன் புக்கு, நீ போட்டுக்கோ ஹரி. வேணாம்னு நான் சொல்லல. என் எழுத்து அதுல வராது, அவ்ளோதான்."

"அப்பிடின்னா எப்படிக்கா போடறது?"

"எனக்கு அலுத்துப் போச்சுப்பா. இருபத்தி ரெண்டு வருஷமா இதையேதான் கேட்டுட்டு இருக்கேன். ஒண்ணு செத்துப் போவுது, இல்ல ஓடுது. நடுவுல ஒரு பிள்ளையாவது அப்படியே இருக்கக் கூடாதா?"

அன்று சாயங்காலம் எப்போதும் மேசையிலேயே கிடக்கும் பென்சிலையும் ரப்பரையும் அவர் கைப்பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். ஹரிபிரசாத் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு வேலை கிடைப்பது தபீதாளுக்கு அவ்வளவு சுலபமில்லை. மாடிப்படி ஏறாமல் உட்காரக்கூடிய இடம் வேண்டும், எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போக விட வேண்டும். என் வாய் சும்மா இருக்காமல் "கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே" என்றது. "நீங்களுமா?" என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சுப்பராயலுவே இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கோபமாக வரவில்லை, புரியாமல் வந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இன்னாமா இது? பசங்களுக்கு ஒரு நம்பிக்க வர வேணாமா? பாவம், அந்தப் பொண்ணு ஓடட்டுமே. உனக்கு இன்னா கஷ்டம்?"

தபீதாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குப் பதினொரு வயசுல ஸ்கூல் லைப்ரரில இதே மாதிரி ஒரு கதை படிச்சேன் சார். கால்ல இரும்பு மாட்டின பொண்ணு. தைரியமா கழட்டிப் போட்டுட்டு ஓடிடும், எல்லாரும் கை தட்டுவாங்க. நான் அத நம்பினேன். ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு என் இரும்பக் கழட்டி மரத்தடியில வெச்சிட்டு, கோட்டுல போய் நின்னேன். விசில் அடிச்சாங்க."

தபீதாள் கண்ணாடியை மடக்கித் தள்ளி வைத்தார்.

"ரெண்டாவது எட்டுல விழுந்தேன். ஒடைஞ்சது நல்ல காலு. மூணு மாசம் கட்டில்ல கெடந்தேன். அந்த மூணு மாசமும் என்ன நெனச்சேன் தெரியுமா சார்? எனக்குப் போலியோன்னு நெனைக்கல. எனக்குத் தைரியம் பத்தலன்னு நெனச்சேன். அம்மா, டீச்சரு, எழுப்புதல் கூட்டத்துல ஜெபிக்க வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க, வேற வேற மாதிரி. இந்தப் புக்க நீங்க எத்தன ஸ்கூலுக்குக் குடுப்பீங்க? அதுல ஒரு பொண்ணு நம்பிடுச்சுன்னா?"

சுப்பராயலு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து மாடியில் டக் என்றது. பின்னாலேயே இழுப்பு. தபீதாள் தலையை நிமிர்த்தினார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசினார்.

"மேல கட்டை வெச்சி நடக்கறது யாரு சார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டூல் இல்லை. எத்தனை நாள் அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்!

"தங்கச்சி. தாயாரம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "சின்ன வயசுலயே கால் போச்சி. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல, எங்கூடத்தான் கீது. முன்ன இந்த ரூமுலதான் இருந்துச்சி. வெள்ளத்தப்ப நாலு பேரா தூக்கினு போயி மேல வுட்டோம். அப்பால எறக்கல."

"பத்து வருஷமாவா?"

"எறக்கி எங்கம்மா போவப் போவுது? அது ஓடணும்னுதாம்மா இதையே எழுதனேன். கதையிலயாவது."

"அவங்க ஓடணும்னு சொன்னாங்களா? இதப் படிச்சாங்களா?"

"அதுக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஸ்கூலுக்கு அனுப்பல."

"உங்களுக்குத் தெரியும்ல சார். நீங்க படிச்சிக் காட்டினீங்களா?"

சுப்பராயலு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். மெய்ப்புத் தாள்களைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஹரிபிரசாத் சுவரோரம் சாய்ந்து, கோட்டுக்கு மேலே அடுக்கியிருந்த புத்தகங்களை ஒரு சுற்று பார்த்தார். இதையெல்லாம் எந்த வண்டியில் ஏற்றுவது என்று யோசிக்கிற பார்வை.

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. தபீதாள் வந்தார், வேறொரு கணக்குப் புத்தகத்தின் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினார், போனார். பென்சில் பைக்குள்ளேயே இருந்தது. பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். அவருக்குக் கோபமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கோபப்படவும் தெம்பில்லாத அலுப்பு அது. ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஓய்ந்துபோனவர்களின் முகத்தில் அதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குச் சுப்பராயலு வந்தார். படத்தைச் சரிசெய்து கொண்டுவந்திருந்த துர்காவும் அப்போது இருந்தாள். பெரியவர் கையில் பழைய மெய்ப்பும் புதிதாக எழுதிய இரண்டு தாள்களும். நின்றுகொண்டே பேசினார்.

"படிச்சிக் காட்டனேம்மா. முழுசா கேட்டுச்சி. நாய் வர்ற எடத்துல சிரிச்சிச்சி. கட்டையக் கொளத்துல போட்டான்னு படிச்சேனா, 'நிறுத்துண்ணா'ன்னுச்சி. 'இன்னாத்துக்குப் போட்டா? நல்ல கட்டையாச்சே. நாளைக்கி இன்னாத்தப் புடிச்சிக்கினு போவா?'ன்னு கேக்குது."

நாங்கள் எல்லோரும் அவர் கையிலிருந்த பழைய மெய்ப்பின் ஓரத்தைப் பார்த்தோம். பென்சில் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது.

"சத்தியமா நீ எழுதினத நான் சொல்லலம்மா. அதுவாத்தான் கேட்டுச்சி. அப்பால நான் இன்னா எழுதட்டும்னு அதையே கேட்டேன். கட்டையால நாய அடிக்கட்டும், அடிக்கச்சொல கை நழுவிக் கொளத்துல வுழட்டும்னுச்சி. அப்புறம் எப்படி வூட்டுக்கு வருவான்னு கேட்டேன். அதுக்குச் சொல்லுது..." சுப்பராயலு கொஞ்சம் தயங்கினார். "காத்தால ஆட்டோல ஒரு பொண்ணு எல்லாத்துக்கும் முன்னாடி வருதே, அது தொடையில கைய ஊனிக்கினு மெதுவா உள்ள போவுதே, அந்த மாதிரி வரட்டும்னுச்சி. தெனம் ஜன்னலாண்ட நின்னு உன்னப் பாக்குமாம்மா. நீ வர்றதப் பாத்துட்டுத்தான் காப்பியே குடிக்குமாம்."

தபீதாளின் முகம் சிவந்தது. வலது கை தானாகப் போய் தொடையின் வெளுத்த இடத்தை மூடிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் நடந்த அந்தப் பத்தடியை, ஒருத்தர் மேலேயிருந்து தினமும் பார்த்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், குணா மாதிரி.

தபீதாள் இரண்டு தாள்களையும் வாங்கிப் படித்தார். செல்லி தொடையில் கையூன்றி வருகிறாள். மற்ற பிள்ளைகளெல்லாம் முன்னால் போய்விட்டார்கள். நாயிடமிருந்து தப்பிய குட்டிப் பிள்ளை மட்டும் கூடவே வந்து ஓயாமல் கேள்வி கேட்கிறது. ஆசாரி புதுக் கட்டை செய்து கொடுக்கும்வரை செல்லிக்கு இரண்டு நாள் பள்ளி கிடையாது. மூன்றாம் நாள் போகிறாள். யாரும் கை தட்டவில்லை. தபீதாள் சிவப்பில் இரண்டு ஒற்று போட்டார். கைப்பையிலிருந்து பென்சிலையும் ரப்பரையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பென்சிலில் எழுத எதுவும் இருக்கவில்லை.

"கதை சரி. படம் வரட்டும். பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றார்.

துர்கா காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு வந்த பெண், கெட்டிக்காரி. வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். "அக்கா, தொடையில கை ஊனின்னா எப்படிக்கா? செல்லுல தேடிப் பாத்துட்டேன். வீல்சேர் வருது, கட்டை வருது. இது எங்கயுமே இல்ல."

ஹரிபிரசாத் இருமினார். சுப்பராயலு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மாடியில் டக் என்றது, பதினொன்றரை.

தபீதாள் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஒரு தடவதான் நடப்பேன். நல்லா பாத்துக்கோ."

எழுந்து நின்றார். நான் நினைத்திருந்ததைவிட உயரம் குறைவு. உடம்பு முன்னால் சாய்ந்தது, வலது உள்ளங்கை தொடையின் அந்த வெளுத்த இடத்தில் போய் அழுந்தியது, கால் நிமிர்ந்து பூட்டிக்கொண்டது, இடது கால் முன்னால் வந்தது. கையை எடுத்து, வலது காலை இழுத்துப் போட்டு, மறுபடி அழுத்தினார். மேசையிலிருந்து ஜன்னல்வரை எட்டு அடி. போய், ஜன்னல் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி, திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது. எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

துர்கா விறுவிறுவென்று வரைந்து நீட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. சாய்வு இருந்தது, கூட வரும் குட்டிப் பிள்ளைகூட இருந்தது. தபீதாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"முட்டியில வெச்சிட்ட. முட்டியில வெச்சா மடங்கிடும்மா, விழுந்திடுவா."

அந்தத் தேய்ந்த ரப்பரை எடுத்து, படத்திலிருந்த கையை மட்டும் அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். பலகையைத் துர்காவின் மடியில் திரும்ப வைத்துவிட்டு, மேசையைப் பிடித்து எழுந்து, தொடையில் கையை ஊன்றி மறுபடியும் ஜன்னலை நோக்கி நடந்தார்.